அருவிக் கட்டத்தில் தம்பி

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1996 கோடை விடுமுறையில். ஜப்பான் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவு நகல்தான். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று போட்டிருக்கும், உள்ளே அதே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். மரியோவும் கான்ட்ராவும் இருந்ததால் எனக்கும் தம்பிக்கும் அதுவே போதுமாக இருந்தது.

மரியோவிடம் நான் கற்றது சின்ன விஷயம். அந்த முதல் மரியோவில் திரை வலப்பக்கம் மட்டும்தான் நகரும். தவறவிட்ட காசு திரையைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பிப் போய் எடுக்க முடியாது. தவறவிட்டதை நினைத்துக்கொண்டே ஓடினால் அடுத்த பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

கான்ட்ரா அப்படியில்லை, இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. ஆளுக்கு 3 உயிர். ஒரு குண்டு பட்டாலே ஓர் உயிர் போய்விடும். காட்டுக் கட்டத்தையும் அடுத்த கட்டத்தையும் எப்படியோ தாண்டிவிடுவோம். மூன்றாவதாக வரும் அருவியில்தான் சண்டை. அங்கே பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். முன்னால் போகிறவனோடு திரையும் மேலே ஏறும். பின்தங்கியவன் நிற்கும் பாறை திரைக்குக் கீழே போய்விட்டால் அவன் செத்தான். எதிரி சுட வேண்டியதே இல்லை, கூட வந்தவன் அவசரப்பட்டாலே போதும்.

அவசரப்பட்டது எப்போதும் நான்தான். எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழு வயது. அவனுக்குத் தாவத் தெரியவில்லை என்று திட்டுவேன். அவன் உயிர் மூன்றும் என் தாவலில்தான் போயின என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒருநாள் அவன் அழவில்லை. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, "நீயே ஆடு அண்ணே" என்று எழுந்து போய்விட்டான். தனியாக அருவியைத் தாண்டினேன். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாத அந்த வெற்றியில் ஒரு ருசியும் இல்லை.

மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு பாறையிலும் நின்று "வந்துட்டியா?" என்று கேட்பேன். "வந்துட்டேன்" என்றதும்தான் அடுத்த தாவல். நிற்கும் நேரத்தில் மேலேயிருந்து கற்கள் உருண்டு வரும், அதற்கும் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உச்சிக்குப் போக அந்த விடுமுறையில் பாதி போய்விட்டது.

இது இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நான் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மருந்துக்கு 5 சதவீதம், எதற்கு 12 சதவீதம் என்பதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் அண்ணாச்சி, பேரேட்டிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், ஒவ்வொரு பில்லுக்கும் திணறினார். அவர் பில்லையும் நானே போட்டுத் தள்ளினேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "நீங்களே பாத்துக்கிடுங்க தம்பி, நான் நின்னுக்கிடுதேன்" என்றார். ரிமோட்டைத் தரையில் வைத்த அதே குரல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்றிலிருந்து தினமும் கடை மூடியபின் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசைப்பலகையை நான் தொடவில்லை. அவர் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போடும்வரை காத்திருப்பது எனக்குச் சுலபமாக இல்லை. கை பரபரக்கும். சரி, பொறு என்று மடக்கி வைத்துக்கொள்வேன். ஆகஸ்ட் கடைசியில் அவரே தனியாகப் பில் போட்டார். அப்புறம் இன்னும் மூன்று வருடம் அந்த மேசையில் இருந்தார்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவன் நினைவில் இருந்தது சண்டை அல்ல. "நீ நின்னப்புறந்தான் அண்ணே, அந்த அருவிக்கு மேல என்ன இருக்குன்னு நானே பாத்தேன்" என்றான்.