ஓசையற்ற கணினிக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

கேள்வி:
வணக்கம். வீட்டின் சிறிய அறை ஒன்றில் ஒலிநூல்களுக்குக் குரல் பதிவு செய்து வருகிறேன். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவதால் கணினியின் இரைச்சல் மைக்கில் தெளிவாக விழுகிறது. கோடையில் அறை வெப்பம் 35 டிகிரியைத் தொடும்போது இன்னும் கூடிவிடுகிறது. ரைசன் 7 7700 பிராசஸருடன் புதிய கணினி அமைக்கவிருக்கிறேன். பிராசஸரின் சூட்டைத் தணிக்கக் கடைக்காரர் 240 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட லிக்விட் கூலரையே பரிந்துரைக்கிறார்; தண்ணீர் என்றால் சத்தமே வராது என்கிறார். அது சரிதானா?

மறுமொழி 1:
சரியன்று. தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர் வரை சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதை வெளியேற்ற ஃபேன்தான் சுழல வேண்டும். கூடவே ஒரு பம்ப் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரின்றிக் காற்றாலேயே பிராசஸரைக் குளிர்விக்கும் ஏர் கூலரின் ஃபேனை வேலையில்லாதபோது ஏறத்தாழ நிறுத்தியே வைக்கலாம், பம்பை அப்படி நிறுத்த முடியாது. அதன் மெல்லிய ரீங்காரம் குரல் பதிவில் ஃபேனின் காற்றோசையைவிடத் தனித்துத் தெரியும். நீங்கள் சொல்லும் பிராசஸர் 65 வாட் வகை; முழு வேலையிலும் அது இழுக்கும் மின்சாரத்தின் இயல்பான வரம்பே 88 வாட்தான். பெரிய டவர் கூலர் (கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் ஏர் கூலர்) ஒன்று ஃபேனை மெதுவாகச் சுழற்றியே இதைச் சமாளித்துவிடும். ஃபேனின் வேகம் பாதியானால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும் என்பதால், பெரிய கூலரை மெதுவாக ஓட்டுவதே அமைதிக்கு வழி.

மறுமொழி 2:
பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் லிக்விட் கூலரை அடியோடு ஒதுக்குவது நியாயமாகாது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே ஏதேனும் மென்பொருளைத் திறந்த கணத்திலேயே ஃபேன் சீறி எழுந்து அடங்கும் தொல்லை அதில் குறைவு. ஐ9 13900கே போன்று 253 வாட் வரை இழுக்கும் பிராசஸரில் நெடுநேரம் வீடியோ ரெண்டர் செய்பவருக்கு நான் 360 மி.மீ. ரேடியேட்டரையே சொல்வேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பம்ப், குழாய் வட்டத்தின் உச்சியில் அமையக் கூடாது. அமைந்தால் உள்ளிருக்கும் காற்றுக்குமிழிகள் அதில் சேர்ந்து களகளவென்று ஒலிக்கும்.

மறுமொழி 3:
ஃபேன் சீறுவதற்கு மருந்து பயாஸிலேயே (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) இருக்கிறது. பெரும்பாலான மதர்போர்டுகளில் ஃபேன் வெப்பநிலைக்கு எதிர்வினையாற்றும் நேரத்தைச் சில விநாடிகள் தள்ளிவைக்கலாம். இந்தப் பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால், குரல் பதிவுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அதன் ஃபேன் இரைச்சலும் அதோடு ஒழியும். வாங்குமுன் கேபினெட்டுக்குள் எவ்வளவு உயரமான கூலருக்கு இடம் உண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டவர் கூலரான நாக்டுவா என்எச்-டி15-க்கு 165 மி.மீ. இடம் தேவை.

கேட்டவர்:
மிக்க நன்றி. என்னிடமுள்ள கேபினெட் 160 மி.மீ. வரைதான் இடங்கொடுக்கும். அதற்காக அதையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி 3:
தேவையில்லை. அதே நிறுவனத்தின் என்எச்-யு12எஸ் 158 மி.மீ. உயரந்தான், 120 மி.மீ. ஃபேன் ஒன்றே 88 வாட்டுக்குத் தாராளம். கேபினெட்டை மேசைக்குக் கீழே வைத்து, உங்கள் மைக் கார்டியாய்டு (முன்புற ஒலியை நன்கு பிடித்து, பின்புற ஒலியைத் தவிர்க்கும்) வகையானால் அதன் பின்புறம் கேபினெட்டை நோக்கியிருக்குமாறு திருப்பிவிடுங்கள்.