தனியார் கார் பார்க் டிக்கெட்: கட்டினீர்களா, எதிர்த்தீர்களா?

ஹாரோவாசி:
ஒக்டோபர் 4, சனிக்கிழமை, வீட்டில் மூன்று பேர் சாமான் வாங்கப் போனோம். ஓட்டியது யார் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன், காரணம் கீழே. அந்தக் கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரம் பார்க்கிங் இலவசம். அரிசி மூட்டை, இடியப்ப மா எல்லாம் ஏற்றியாயிற்று. அப்புறம் அங்கே கண்ட சொந்தக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றதில் 23 நிமிடம் கூடிவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் ஒட்டவில்லை. வாசல் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

21ஆம் திகதி, கார் பார்க்கை நடத்தும் தனியார் கம்பெனியின் கடிதம் வந்தது. 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. "கட்டித் தொலையுங்கோ" என்றாள் மனைவி. நானும் கார்டைக் கையில் எடுத்துவிட்டேன். மச்சான்தான் போனில் மறித்தார். "முதலில் கடிதத்தின் திகதியைப் பார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்."

திகதி 17, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியார் நிலத்தில் காருக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்ததும் அதே சட்டம்தான். ஓட்டியவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாவிட்டால், கீப்பரிடம், அதாவது காரின் பதிவில் பெயர் உள்ளவரிடம், பணம் கேட்க அது வழி விடுகிறது. ஆனால் கேமராவை மட்டும் நம்பி அனுப்பும் நோட்டீஸ், நிறுத்திய நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாளுக்குள் வந்து சேர வேண்டும். எனக்கு 18ஆம் திகதியோடு அது முடிந்துவிட்டது. தபாலில் போட்டது இரண்டாவது வேலைநாளில் கிடைத்ததாகக் கணக்கு. வெள்ளி போட்டால் செவ்வாய். மூன்று நாள் பிந்தி!

பின்பக்கத்தில் அந்தச் சட்டத்தின் பெயரையே காணோம். ஆக, அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. விழுந்தால் மாங்காய் என்று ஒரு கல்லை எறிந்து பார்த்திருக்கிறார்கள்.

மூன்று வரி எழுதினேன். "நான் கீப்பர். ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமை எனக்கில்லை. நோட்டீஸ் பிந்தி வந்ததால் கீப்பர் பொறுப்பில்லை." மறுத்துப் பதில் வந்தது, கூடவே போப்லாவுக்கான, அதாவது தனியார் பார்க்கிங் டிக்கெட் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமைப்புக்கான, எண்ணும். அங்கே 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், காசில்லை. போட்டேன். கம்பெனி வாதாடவே வரவில்லை, டிக்கெட் ரத்து.

லூட்டன் அக்கா:
இதை முன்பே படித்திருந்தால்! எனக்கும் பிந்தித்தான் வந்தது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "நான் காரை நிறுத்தியபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், அதனால் பார்க்கிங் விதிகள் எழுதிய பலகையைக் கவனிக்கவில்லை." அந்த "நான்" போதும். ஓட்டியவர் யார் என்று தெரிந்துவிட்டால் 14 நாள் கணக்கு உதவாது. முழு 100ஐயும் கட்டினேன்.

ஈஸ்ட் ஹாம் ஓட்டுநர்:
தனியார் டிக்கெட் சட்டப்படி செல்லாது, கிழித்துப் போடு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். செம்ஸ்போர்ட் கடைத்தொகுதியில் பாரி பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார், 85 பவுண். உச்ச நீதிமன்றம் வரை போனார், 2015இல் தோற்றார். பலகை தெளிவாக இருந்தால் அது ஒப்பந்தம்.

என் கதை வேறு. கவுன்சில் டிக்கெட்டைத் தனியார் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். இரண்டிலும் பி.சி.என். என்றுதான் இருக்கும். கவுன்சிலுடையதில் முதல் சொல் "பெனால்டி", தனியாருடையதில் "பார்க்கிங்". தொகை பாதியளவு ஏறியது, பிறகு ஜப்தி ஆட்கள் கதவைத் தட்டினார்கள். தனியார் கம்பெனிக்கு நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் அப்படி ஆள் அனுப்ப முடியாது. கடன் வசூல்காரர்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வெறும் மிரட்டல். ஆனால் கவுண்டி கோர்ட் படிவம் வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். பதில் போடாவிட்டால் அவர்கள் பக்கமே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் நிற்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும்.

புதியவள்:
மாமி மெஷினில் காசு போட்டார், ஆனால் நம்பரில் பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டார். டிக்கெட் வந்தது. ஓர் எழுத்துப் பிழை என்றால் காசு கட்டியதைக் காட்டினால் ரத்து செய்ய வேண்டும் என்று பார்க்கிங் கம்பெனிகளின் விதிக்கோவையிலேயே இருக்கிறது. ரசீது கார் மிதியடிக்குக் கீழே, பாதி கிழிந்து கிடந்தது. நேரமும் தொகையும் தப்பியிருந்தன. படம் எடுத்து அனுப்பினேன், ரத்து.

ஹாரோவாசி:
சொல்ல மறந்துவிட்டேன். கதைத்துக்கொண்டு நின்ற அந்தச் சொந்தக்காரருக்கும் கடிதம் போயிருக்கிறது. அதே திகதி, அதே தொகை. அவர் அன்று மாலையே 60ஐக் கட்டிவிட்டாராம்.