முட்டம் பாறையும் பெரியம்மாவின் கேன்வாஸும்

*பெரியம்மா:* 📷 முட்டம் கடற்கரை ஓவியம் முடிந்தது. 16க்கு 12 அங்குலம், அக்ரிலிக் வண்ணம். மூன்று நாளாக உட்கார்ந்து போட்டேன். ஆனால் தூரத்துப் பாறை தூரத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது மக்களே. என்ன செய்ய?

*அக்கா:* அலை அருமையாக வந்திருக்கிறது பெரியம்மா ❤️

*நான்:* மூன்று பாறைக்கும் ஒரே கறுப்பு கொடுத்திருக்கிறீர்கள். மேடு எழுப்புகிற கெட்டிப் பசையான மாடலிங் பேஸ்டையும் மூன்றிலும் கத்தியால் அப்பியிருக்கிறீர்கள். சொரசொரப்பு எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அது முன்பாறைக்கு மட்டும் போதும். தூரத்துப் பாறையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, வானத்துக்குக் கலக்கிய அதே நீலச் சாம்பலை மெல்லிசாக மேலே ஓட்டுங்கள். விளிம்பு மங்கட்டும். விரிசல் வேண்டாம்.

*பெரியம்மா:* விரிசல் அங்கே உண்டே. எத்தனை தடவை போய்ப் பார்த்திருக்கிறேன்!

*நான்:* தெரிந்ததை எல்லாம் போடுவதால்தான் அது முன்னால் வந்து நிற்கிறது பெரியம்மா 🙏

*சித்தப்பா:* மதினி, ஒன்று சொல்லட்டுமா. முட்டத்தில் சாயங்காலச் சூரியன் கடலுக்குள் இறங்கும். கரையில் நிற்கிற நமக்குப் பாறையின் நிழல் பக்கம்தான் தெரியும். நீங்கள் நம் பக்கம் மஞ்சள் வெளிச்சம் போட்டிருக்கிறீர்கள்.

*நான்:* சரியாகப் பிடித்தீர்கள் சித்தப்பா! நம் பக்கம் ஊதா கலந்த பழுப்பு, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. டியூப் கறுப்பை மூடி வையுங்கள் பெரியம்மா. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பைக் கலந்தால் கறுப்பு மாதிரியே வரும், உயிரும் இருக்கும்.

*சித்தப்பா:* அலை ஏறுகிற உயரம் வரை பாறை கறுத்து மினுங்கும். அதற்கு மேல் வெளிறிக் கிடக்கும். அந்த ஈரப் பட்டையை விட்டுவிடாதீர்கள்.

*பெரியம்மா:* நுரைக்கு வெள்ளைதானே?

*நான்:* முதலில் வெளிர் நீலச் சாம்பல். சுத்த வெள்ளை கடைசியில், வெளிச்சம் படுகிற நுனியில் மட்டும். அலை வளைகிற இடத்தில், நுரைக்குச் சற்றுக் கீழே, பச்சை வையுங்கள். வெயில் அங்கே தண்ணீருக்குள் புகுந்து வரும். தெறிப்புக்குப் பழைய டூத் பிரஷ், கட்டைவிரலால் சுண்டிவிட்டால் போதும்.

*மறுநாள் காலை 6.10*

*பெரியம்மா:* 📷 தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, முன்பாறை மேல் படுக்கவைத்து இழுத்தேன். பேஸ்டின் மேட்டில் மட்டும் வண்ணம் பிடித்தது, பள்ளம் இருட்டாகவே நின்றது. நிஜப் பாறையைத் தடவுகிற மாதிரியே இருந்தது மக்களே.

*சித்தப்பா:* தூரத்துப் பாறை தூரத்துக்குப் போய்விட்டது மதினி 👏

*நான்:* அழகு பெரியம்மா! அடிவானம் மட்டும் இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. மாஸ்கிங் டேப் ஒட்டிச் சரிசெய்துவிடுங்கள்.

*பெரியம்மா:* சரி, இட்லி ஊற்றிவைத்துவிட்டு வருகிறேன்.