'கிரேவ்' சதுக்கம்: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவுங்கள்

பாரிஸ் தொழிலாளர் வரலாறு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 'பிளாஸ் த கிரேவ்', அதாவது கிரேவ் சதுக்கம், அடிக்கடி வருகிறது. கிரேவ் என்றால் மணலும் சரளையுமான கரை. சேன் ஆற்றுப் படகுகளிலிருந்து விறகு, கோதுமை, ஒயின் பீப்பாய் எல்லாம் இறங்கிய இடம். கூலி வேலை கேட்டு ஆட்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். 1792 ஏப்ரலில் தலையை வெட்டும் கருவியான கில்லட்டினை முதன்முதலில் பயன்படுத்தியதும் அங்கேதான். 1803இல் பெயரை மாற்றிவிட்டார்கள்.

சரி, என் சிக்கல் இதுதான். 'கிரேவில் இருப்பது' முதலில் வேலைக்குக் காத்து நிற்பதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அதுவே வேலைநிறுத்தம் என்று ஆகிவிட்டது. 1830களின் வாக்கியங்களில் எந்தப் பொருளை எடுப்பது? வேலை கிடைக்காமல் நின்றவர்களைப் போராட்டக்காரர்கள் ஆக்கிவிட்டால் வரலாறே புரண்டுவிடும். பழைய வழக்குகளுக்கு நல்ல பிரெஞ்சு அகராதி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், சதுக்கத்தின் பெயரை அப்படியே விடலாமா, 'கரைச் சதுக்கம்' என்று எழுதலாமா?