வாடகை வீட்டுக்கு எந்த கிரில் ஏற்றது? மின் கிரிலா, வார்ப்பிரும்புச் சட்டியா?

ஜூரோங் மாணவி:

நாங்கள் நான்கு மாணவிகள் சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகைக்குத் தங்கிப் படிக்கிறோம். வார இறுதியில் கோழியோ மீனோ சுட்டுச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை மூவருக்கு உண்டு. நான்காமவள் சைவம், அவளுக்குப் பன்னீரும் கத்தரிக்காயும் போதும். 60 வெள்ளிக்கு மேல் எங்களால் செலவிட முடியாது. சமைக்கலாம், ஆனால் வீட்டில் புகை சூழக்கூடாது, சுவரில் எண்ணெய் படியக்கூடாது என்று ஒப்பந்தம் போடும்போதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். கடையில் மூன்று வகைகளைப் பார்த்தோம். ஒன்று, சூடாகும் கம்பிக்கு மேல் வலைத்தட்டு வைத்த 2,000 வாட் மின் கிரில். இன்னொன்று, மேலும் கீழும் தட்டுகள் கொண்டு மூடிச் சுடும் 1,000 வாட் கிரில். மூன்றாவது, கேஸ் குப்பி செருகும் மேசையடுப்பும் அதன்மேல் வைக்கும் தட்டும். எதை வாங்கலாம்?

கிளமெண்டிக்காரர்:

மூன்றும் வேண்டாம் என்பதே என் கருத்து, சகோதரி. உங்கள் வீட்டில் அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. கோடுகள் எழும்பிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கி அதன்மேல் வைத்தால் வேலை முடிந்தது. மலிவான மின் கிரில்களின் தட்டு மெல்லியது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோழித்துண்டுகளை வைத்தவுடன் அதன் சூடு இறங்கிவிடும். மீண்டும் ஏறுவதற்குள் இறைச்சி நீர்விட்டு, அந்த நீரிலேயே வெந்துவிடும். வார்ப்பிரும்பு கனமானது, உள்வாங்கிய சூட்டை எளிதில் விடாது. அதனால்தான் கறியின்மேல் கருஞ்சிவப்புக் கோடு விழுகிறது. இண்டக்ஷன் அடுப்பிலும் அது வேலை செய்யும். படிப்பு முடிந்து வீடு மாறும்போது பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். பழுதாக அதில் எதுவும் இல்லை.

பழைய மின்பணியாளர்:

சட்டியின் சூட்டைப் பற்றி நண்பர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்த மாணவி கேட்டது சுவையைப் பற்றி மட்டுமல்ல, புகையைப் பற்றியும்தான். நன்கு சூடேறிய வார்ப்பிரும்பில் கோழித்தோலின் கொழுப்பு விழுந்தால் அது வெளியேற வழியில்லாமல் கோடுகளுக்கு இடையிலேயே கருகும். ஐந்து நிமிடத்தில் சமையலறை மங்கிவிடும். வீவக வீடுகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மேல்மாடிக்காரரின் துணிகள் கழிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கானாங்கெளுத்தியின் புகை நேராகப் போய் அவர் சட்டையில்தான் ஏறும். மேலும், 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்துவது கட்டாயமாகியுள்ளது. உங்கள் வீட்டிலும் அது இருந்தால் இத்தகைய புகைக்கு அலறக்கூடும். அதைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுச் சமைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மின் கிரிலை வாங்குவதானால் முதலில் கணக்கைப் பாருங்கள். நம் ஊர் மின்னழுத்தம் 230 வோல்ட், மூன்றுமுனை பிளக் தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். ஒரே நீட்டிப்புப் பலகையில் 2,000 வாட் கிரிலையும் 2,000 வாட் கெண்டியையும் 700 வாட் சோற்றுப் பானையையும் செருகினால் 4,700 வாட் ஆகிவிடும். பலகை சூடேறி, பிளாஸ்டிக் இளகி, கருகிய வாசம் வந்த பிறகுதான் பலர் விழிக்கிறார்கள். கிரிலைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் நேரடியாகவும் தனியாகவும் செருக வேண்டும். பிளக்கில் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாக வரும் கிரில்களில் வேறு வடிவ பிளக் இருக்கும். அதற்காகப் பயண அடாப்டரைத் தேடாதீர்கள். தொலைபேசிக்குப் போதுமான அடாப்டர் கிரிலைத் தாங்காது.

தேக்கா வாடிக்கையாளர்:

நீங்கள் இருவரும் கேஸ் குப்பி அடுப்பை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விலை குறைவு, தீ கண்ணுக்குத் தெரிகிறது, சுவையும் நன்றாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையின் நடுவே வைத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து சுடுவதில் உள்ள மகிழ்ச்சி சமையலறை மூலையில் வருமா? இல்லையென்றால் நடைவழியில் ஒரு சிறிய கரியடுப்பை வைத்துவிட்டுப் போகலாம்.

பழைய மின்பணியாளர்:

நடைவழியில் கரியடுப்பு என்ற பேச்சே வேண்டாம், ஐயா. அது எல்லாரும் தப்பி ஓட வேண்டிய பாதை. வீட்டுக்குள் கரி மூட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. கரியில் சுட்டே ஆக வேண்டுமென்றால் ஈஸ்ட் கோஸ்ட்டிலோ பாசிர் ரிஸ்ஸிலோ பூங்காவின் சுடுமேடையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

குப்பியடுப்பைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சிறு மூடியின் அடியில்தான் குப்பி படுத்திருக்கிறது. நான்கு பேருக்குப் போதுமான அகலத் தட்டை மேலே வைத்தால் அந்தத் தட்டு குப்பி அறைக்கு மேலும் நீண்டுவிடும். தட்டில் பட்டுத் திரும்பும் வெப்பம் குப்பியைச் சூடாக்கும், உள்ளே அழுத்தம் ஏறும், குப்பி வெடிக்கவும் கூடும். அந்த அடுப்புக்கென்று செய்த அளவுக்கு மேல் பெரிய தட்டை வைக்கவே கூடாது. குளிர்சாதனத்துக்காகக் கதவு சன்னலை அடைத்த அறையிலும் அதை மூட்டக்கூடாது.

தேக்கா வாடிக்கையாளர்:

குப்பி அறைக்கு மேல் தட்டு நீளும் என்பதை நான் யோசித்ததில்லை. என்னுடைய தட்டை இப்போதுதான் எடுத்து வைத்துப் பார்த்தேன், மூடியின் பாதியை மறைக்கிறது. அந்தத் தட்டை இனிப் பயன்படுத்த மாட்டேன்.

கிளமெண்டிக்காரர்:

குப்பியடுப்பில் நானும் மின்பணியாளர் பக்கம்தான். ஆனால் புகைக்குச் சட்டியை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த 2,000 வாட் வலைத்தட்டு கிரிலில் கொழுப்பு நேராகச் சிவந்த கம்பியின்மேல் சொட்டுகிறது, அது புகையாதா?

பழைய மின்பணியாளர்:

புகையும். ஆகவே நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. கம்பிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு இருந்தாலும், கம்பியில் பட்டுவிட்டுக் கீழே விழும் கொழுப்பு பாதி வழியிலேயே புகைந்துவிடும். தண்ணீருக்குள் நேராக விழும் கொழுப்பு மட்டும்தான் புகையாது, ஏனென்றால் தண்ணீர் 100 பாகைக்கு மேல் சூடாகாது. ஆகவே கம்பி வெளியே தெரியாமல், தட்டுக்குள் பொதிந்திருக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும்.

என் தேர்வு மூடிச் சுடும் 1,000 வாட் கிரில். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வேகுவதால் நேரம் பாதியாகிறது, வாட் குறைவாக இருப்பது குறையாகத் தெரிவதில்லை. எண்ணெய் தெறிப்பது மூடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, கொழுப்பு சாய்வாக ஓடி முன்னால் உள்ள சிறு தட்டில் சேர்கிறது. அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட், ஏறக்குறைய 15 காசு. கடையில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தட்டு கழன்று வருமா? கழலாத தட்டை எந்த மாணவியும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கழுவுவதில்லை, தட்டின் ஓரத்தில் சேர்ந்த பழைய எண்ணெய்தான் அடுத்த முறை புகைகிறது.

கிளமெண்டிக்காரர்:

கழுவுவதைப் பற்றிச் சொன்னது நியாயம். என் சட்டியும் நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். கழுவியவுடன் அடுப்பில் காய வைத்து எண்ணெய் தடவ வேண்டும். நான்கு பேர் வாழும் வீட்டில் அதை யார் செய்வது என்ற கேள்வி வரும். சுவையில் என் சட்டிதான் மேல் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன், ஆனால் உங்கள் வீட்டுக்காரம்மாவின் நிபந்தனைக்கு மூடும் கிரில் பொருந்தும்.

ஜூரோங் மாணவி:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்று மாலை கடைக்குப் போய்க் கேட்டோம். தட்டு கழலும் மூடும் கிரில் 52 வெள்ளிக்குக் கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் தட்டு தனியே வருகிறது. கூடுதல் தட்டுகள் இரண்டு பெட்டிக்குள்ளேயே இருந்தன. அவற்றைச் சைவத் தோழிக்கென்று தனியாக வைத்து, பிடியில் பச்சை நாடா ஒட்டிவிட்டோம். கத்தரிக்காயை அதில் எப்படிச் சுடுவது?

கிளமெண்டிக்காரர்:

முழுக் கத்தரிக்காயை வைத்து அழுத்தி மூடாதீர்கள், பிதுங்கிவிடும். நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கத்தில் கத்தியால் கட்டம்போட்டுக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். நீர் கசிந்திருக்கும். அதை ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் காயின்மேல் மட்டும் தடவி, மேல்தட்டை மெல்லச் சாய்த்து மூடுங்கள். கோழிக்கும் இப்படியே செய்யலாம். தயிர் மசாலாவை வழித்துவிட்டு வைத்தால் தட்டில் கருகாது.