தோட்டத்துப் பாதையை யார் போடவேண்டும், கம்பனியா சபையா?

லயத்துப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஹட்டன் பக்கம், ஒரு சின்ன டவுனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். டவுனிலிருந்து எங்கள் டிவிஷனுக்கு ஏறுகிற பாதை மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தது, அதற்கு மேல் எப்போதோ போட்ட தார் இப்போது ஓரத்தில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கொழுந்து லொறி எப்படியோ ஏறிவிடும், ஓட்டோக்காரர்கள் கோயில் வளைவோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு மழை இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. தம்பியும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையன்களும் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் வளைவு வரைக்கும் இறங்கினார்கள், நான் டோர்ச் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அம்மா இப்போது நலம். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இந்தப் பாதை நினைப்புதான்.

தோட்ட ஆபீசில் கேட்டால் பிரதேச சபைதான் செய்யவேண்டும் என்கிறார்கள். சபையில் கேட்டால் அது தோட்டத்துக் காணி, அதில் எங்களால் காசு செலவழிக்க முடியாது என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வாயால் சொன்ன பதில்தான், ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. உண்மையில் இது யாருடைய பொறுப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளாக்கர்:

மகள், தோட்ட ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சபையில் உனக்குச் சொன்ன பதில் ஒரு காலத்தில் சரியான பதில்தான். 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது இருந்த விதத்தில், சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிப்பது சட்டத்துக்கு வெளியே போகிற காரியம் என்று கணக்காய்வில் பிடிப்பார்கள். தோட்டத்து ஆட்கள் வாக்குப் போட்டார்கள், தோட்டத்திலிருந்தே உறுப்பினர்களும் தவிசாளர்களும் வந்தார்கள், ஆனால் அவர்களாலேயே தங்கள் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், கட்ட முடியவில்லை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மிகவும் வருத்தமாக இருக்கும்.

2018இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இப்போது சபை தீர்மானம் நிறைவேற்றி, தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி, தோட்டத்தில் குடியிருக்கிறவர்களுக்குப் பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகள் செய்து கொடுக்கலாம். ஆகவே "முடியாது" என்ற பேச்சு இனி நிற்காது. "காசு இல்லை", "இந்த வருடம் திட்டத்தில் இல்லை" என்று சொல்லலாம், அது வேறு கதை, அதைப் பேசித் தீர்க்கலாம்.

ஒன்றை மறக்காதே. சட்டம் செய்யலாம் என்றுதான் சொல்கிறது, செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. துரையிடமிருந்து, அதாவது தோட்ட மானேஜரிடமிருந்து, ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்காமல் சபை அசையாது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் காணி அரசாங்கத்துடையதாகவே இருந்தது, கம்பனியிடம் இருப்பது குத்தகைதான். ஆனாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் வேலை நகராது. முதலில் அந்தக் கடிதத்துக்கு எழுது.

ஓட்டோ அண்ணன்:

தங்கச்சி, வளைவோடு இறக்கிவிடுகிறவர்களில் நானும் ஒருத்தன், எங்கள் டவுன் வேறாக இருக்கலாம், கதை ஒன்றுதான். ஒரு தடவை அடியில் கல் அடித்தால் அன்றைய உழைப்பு கராஜுக்குப் போய்விடும். அதனால்தான் ஏறுவதில்லை, மனமில்லாமல் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பாதை போடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், கானையும் சேர்த்துக் கேளுங்கள். நம் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. மலையிலிருந்து வருகிற தண்ணீருக்குப் போக வழி இல்லையென்றால் அது பாதையிலேயேதான் இறங்கும், எவ்வளவு நல்ல தார் போட்டாலும் ஒரு மழைக்கு அரித்துவிடும். முன்பு தோட்டத்தில் கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், மழைக்கு முன்னால் மதகு எல்லாம் துப்புரவாகிவிடும். இப்போது கொழுந்து பறிக்கவே ஆள் இல்லை, கானை யார் பார்ப்பது? எங்கள் பக்கத்தில் ஒரு பாதைக்குக் கான் இல்லாமல் கொங்கிரீட் போட்டார்கள், இரண்டாவது வருடம் ஓரம் அரித்து, பலகை பலகையாகத் தொங்கியது.

மூன்றரைக் கிலோமீட்டரும் ஒரே தடவையில் கிடைக்காது. ஏற்றமான இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் கொங்கிரீட், மற்ற இடத்துக்குக் கல் அடுக்கிச் சமப்படுத்திக் கான் வெட்டினால் போதும், ஓட்டோ ஏறும். கோயில் வளைவுக்கு மேலே இருக்கிற ஏற்றம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன், சரியா?

ஊவாப்பெண்:

கிளாக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் பதுளை மாவட்டம், எங்களுக்கும் இதே அலைச்சல். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். சபையில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும், அவர் 14 வேலை நாளுக்குள் தகவல் தருவாரா மாட்டாரா என்று முடிவைச் சொல்லவேண்டும். சொல்லவில்லையென்றால் மேன்முறையீடு, அதற்கு மேலே ஆணைக்குழு.

"பாதை ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள் தங்கச்சி, அதற்கு ஒன்றும் வராது. இந்தப் பாதை சபையின் பாதைப் பதிவில் இருக்கிறதா? 2018க்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் தோட்டப் பாதைகளுக்கு வருடத்துக்கு எவ்வளவு செலவானது? எந்தெந்தப் பாதை? இப்படிக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில் எங்கள் பாதையின் பெயரே இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் உறுப்பினரிடம் பேச முடிந்தது, அதற்கு முன்னால் அவர் "பார்க்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இன்னும் முழுதாக முடியவில்லை, ஆனால் 400 மீட்டர் கொங்கிரீட் வந்துவிட்டது.

பழைய கிளாக்கர்:

நல்ல யோசனை பிள்ளை. காலத்தையும் கவனியுங்கள். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்கும் வரைக்கும் கேட்பதற்கு உறுப்பினரே இல்லை, செயலாளர்தான் நடத்தினார். இப்போது வட்டாரத்துக்கு ஆள் இருக்கிறார். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தை வருடக் கடைசியில்தான் நிறைவேற்றுவார்கள், டிசம்பரில் போய் நின்று பயன் இல்லை. செப்டெம்பருக்குள் கோரிக்கை கையில் போய்ச் சேரவேண்டும்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் விட்டுவிடாதீர்கள். அவரை முன்னால் வைத்தால் துரையிடம் கடிதம் வாங்குவது சுலபம். எந்தச் சங்கம் என்று பார்க்காமல் எல்லாத் தலைவர்களும் கையெழுத்துப் போடட்டும், ஒரே சங்கம் போனால் மற்றச் சங்கத்து ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள், பாதை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

லயத்துப்பிள்ளை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஓட்டோ அண்ணே, நீங்கள் சொன்னது சரி, வளைவுக்கு மேலே இருக்கிற ஏற்றம்தான், அன்றைக்கு இரவு தம்பி வழுக்கி விழுந்ததும் அங்கேதான். நேற்று நானும் அவனும் நடந்து பார்த்து எண்ணினோம், மதகு ஏழு, அதில் மூன்று மண் மூடிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போடுவதாகத் தலைவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், மூன்றாமவரிடம் அம்மாவே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மண் மூடிய மதகு மூன்றையும் அன்றைக்கே நாங்கள் வெட்டிவிடலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். ஊவா அக்கா, நீங்கள் சொன்ன மூன்று கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன், வேறு என்ன கேட்கலாம்? கிளாக்கர் ஐயா, துரைக்கு எழுதும் கடிதத்தை இன்றிரவு இங்கே போடுகிறேன், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தருவீர்களா?