வாட்ஸ்அப் இயங்குகிறது, சில இணையத்தளங்கள் மட்டும் திறக்கவில்லை: டேட்டா கோளாறா, கைப்பேசிக் கோளாறா?

கேட்டவர் (திருநெல்வேலி) – 2024 மே 21

அனைவருக்கும் வணக்கம். அப்பா 2016-இல் வாங்கிய ஆண்ட்ராய்டு 6 கைப்பேசியைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறார். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் இருக்கிறார்; சிக்னலில் குறை ஏதும் இல்லை. வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் தேடல் மூன்றும் தடையின்றி இயங்குகின்றன. ஆனால் அவர் அன்றாடம் படிக்கும் இரண்டு இலக்கியத் தளங்களும், எங்கள் ஊர்க் கோயிலின் தளமும், இன்னும் சில சிறு தளங்களும் குரோமில் திறப்பதில்லை. மார்ச் மாதத்தில் முதலில் ஒரு தளம் நின்றது. ஏப்ரல் முடிவதற்குள் ஒவ்வொன்றாக மற்றவையும் நின்றுவிட்டன.

டேட்டா தீர்ந்துபோய் வேகம் குறைந்திருக்கும் என்றெண்ணி அப்பா மூன்று முறை கூடுதல் டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டார். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் ஏபிஎன் அமைப்பை (கைப்பேசியை மொபைல் டேட்டாவுடன் இணைக்கும் அமைப்பு) அழித்துவிட்டு மீண்டும் பதியச் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தோம், பலன் இல்லை. கடைக்காரரோ புதிய கைப்பேசி வாங்குவதே வழி என்கிறார். அழைக்கவும் படிக்கவும் மட்டும் பயன்படும் கருவியை இதற்காக மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1

தேதியும் நேரமும் தவறாக இருந்தால் இப்படி ஆவதுண்டு. அமைப்புகளுக்குள் சென்று தேதியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி வைத்துப் பாருங்கள்; எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

பதில் 2 (கைப்பேசி பழுதுநீக்குபவர், மதுரை)

தயவுசெய்து தேதியைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். இப்போது திறக்கும் தளங்களும் அதனால் நின்றுபோகும். வாட்ஸ்அப் கூடத் தேதியைச் சரிசெய்யச் சொல்லித் தகராறு செய்யும்.

கேட்டவரிடம் இரண்டு விவரங்கள் வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபையிலோ உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலோ இணைத்தாலும் அதே தளங்கள் திறக்க மறுக்கின்றனவா? மறுத்தால் சிம், ஏபிஎன், ரீசார்ஜ் ஆகிய மூன்றின் மீதும் பழி இல்லை. அடுத்து, திரையில் வரும் எச்சரிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் ஆங்கிலக் குறியீடு ஒன்று இருக்கும். அது ‘டேட் இன்வாலிட்’ என்று முடிகிறதா, ‘அத்தாரிட்டி இன்வாலிட்’ என்று முடிகிறதா? முன்னது என்றால் தளம் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழின் காலாவதி அல்லது கடிகாரச் சிக்கல். பின்னது என்றால் அந்தச் சான்றிதழை வழங்கியவர் யாரென்றே உங்கள் கைப்பேசிக்குத் தெரியவில்லை என்று பொருள்.

கேட்டவர்

என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் அதே நிலைதான். ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று சிவப்பு முக்கோணத்துடன் வருகிறது. குறியீடு ‘அத்தாரிட்டி இன்வாலிட்’ என்றே முடிகிறது. தேதி, நேரம் இரண்டும் சரியாகவே உள்ளன. என் புதிய கைப்பேசியில் அதே தளங்கள் உடனே திறக்கின்றன.

பதில் 3 (இணையத்தள நிர்வாகி)

அப்படியானால் காரணம் தெளிவு. பூட்டுக்குறி போட்டுத் திறக்கும் எந்தத் தளமும் ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். அதற்குக் கையொப்பமிட்ட மூலச் சான்றிதழ் கைப்பேசிக்குள் முன்கூட்டியே இருந்தால்தான் உலாவி அதை நம்பும். கட்டணமின்றிச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பைத்தான் சிறு தளங்களில் பெரும்பாலானவை நாடுகின்றன. அதன் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் சேர்க்கப்பட்டது. உங்கள் அப்பாவின் கைப்பேசிக்கு அது அறிமுகமே இல்லாதவர்.

இத்தனை காலம் எப்படித் திறந்தது என்ற கேள்வி எழும். டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் பழைய மூலச் சான்றிதழ் புதியதற்குப் பிணை நின்றது. அந்தப் பழையதே 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாகிவிட்டது; ஆயினும் மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பொருட்படுத்துவதில்லை என்பதால், அந்தப் பிணையை 2024 செப்டம்பர் 30 வரை நீட்டித்து மேலும் மூன்றாண்டு ஓட்டினார்கள். (ஒரு குறைபாட்டையே ஊன்றுகோலாக்கிக் கொண்ட இந்த உத்தியை நான் இன்றும் வியக்கிறேன்.)

இந்த ஆண்டு பிப்ரவரி 8 முதல் அந்தப் பழைய பிணையுடன் முடியும் சான்றிதழ் வரிசையை (சங்கிலி என்பார்கள்) இயல்பாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழின் ஆயுள் 90 நாள். பெரும்பாலான தளங்கள் அறுபதாம் நாளையொட்டிப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு தளமும் தன் முறை வந்தபோது புதுச் சங்கிலிக்கு மாறியது. உங்கள் தளங்கள் ஒரே நாளில் நிற்காமல் மார்ச், ஏப்ரலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது அதனால்தான். யூடியூப், கூகுள் போன்றவை வேறு மூலச் சான்றிதழ்களை நம்பியிருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்ய வேண்டியது எளிது. ப்ளே ஸ்டோரிலிருந்து ஃபயர்பாக்ஸை நிறுவுங்கள். அது கைப்பேசியின் பட்டியலை நம்பாமல் தன் சொந்த மூலச் சான்றிதழ்ப் பட்டியலுடன் வருகிறது. 2024 மே நிலவரப்படி ஆண்ட்ராய்டு 6-இலும் இயங்குகிறது.

பதில் 4

எச்சரிக்கைத் திரையில் ‘மேம்பட்டவை’ என்பதை அழுத்தி, ‘தொடர்க’ என்று உள்ளே போய்விடலாமே? நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பதில் 3 (இணையத்தள நிர்வாகி)

கட்டுரை படிக்க மட்டும் என்றால் பெரிய இழப்பு நேராமல் போகலாம். ஆனால் எச்சரிக்கை வந்தாலே ‘தொடர்க’ என்று அழுத்தும் பழக்கம் முதியவர் ஒருவருக்கு வந்துவிட்டால், நாளை வங்கியின் பெயரில் வரும் போலித் தளத்திலும் அவர் விரல் அதையே செய்யும். அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், சில தளங்களில் ‘தொடர்க’ என்ற வாய்ப்பே வராது.

கேட்டவர் – 2024 மே 23

ஃபயர்பாக்ஸில் எல்லாத் தளங்களும் திறந்துவிட்டன, மிக்க நன்றி. ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது: அப்பா பயன்படுத்தும் ஒரு சிறிய செய்திச் செயலி ‘இணைப்பு இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பதில் 2 (கைப்பேசி பழுதுநீக்குபவர், மதுரை)

செயலி கைப்பேசியின் பட்டியலைத்தான் பார்க்கும். லெட்ஸ் என்கிரிப்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பை இறக்கி, அமைப்புகள், பாதுகாப்பு என்று சென்று, ‘சேமிப்பகத்திலிருந்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் சான்றிதழை ஒருபோதும் நிறுவாதீர்கள். உங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒட்டுக்கேட்க அது ஒன்றே போதும். திரைப்பூட்டு இல்லையென்றால் முதலில் பின் எண் வைக்கச் சொல்லும். நிறுவிய பிறகு ‘நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்ற அறிவிப்பு வரும். நீங்களே சேர்த்த சான்றிதழுக்காக வருவது அது, அஞ்ச வேண்டாம். ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான செயலிகள் இப்படிச் சேர்த்ததை ஏற்பதில்லை. உங்களுடையது 6 என்பதால் ஏற்கும். பழையதாக இருப்பதில் கிடைத்த ஒரே ஆதாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

நிறுவிவிட்டேன். செயலியும் திறக்கிறது, குரோமிலும் கோயில் தளம் வந்துவிட்டது. எட்டாண்டுகளாகப் பூட்டில்லாமல் வைத்திருந்த கைப்பேசிக்கு இப்போது பின் எண் எதற்கு என்று அப்பா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.